லாச்சி இறுகினால், பலகை வளைந்தால்: கொழும்பு வீட்டு மரவேலைக்கான பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தைதான் என் பட்டறை. கடற்காற்று நேரே வந்து மோதும் இடம். பல வருடமாக அங்கே றாக்கை, கதிரை, சிறு மேசை என்று செய்துவருகிறேன். இத்தனை காலத்தில் நான் கண்ட பழுதுகளில் பாதிக்கு மேல் கைவேலையால் வந்தவை அல்ல. மரத்துக்குள் இருந்த தண்ணீரால் வந்தவை. மிச்சத்தில் பெரும்பங்கு, என்ன மரம் என்று தெரியாமல் வாங்கியதால் வந்தவை. ஆகவே உளியையும் வாளையும் நோவதற்கு முன், கீழே உள்ளவற்றில் உங்கள் பழுது எது என்று பாருங்கள்.

தை மாதம் வழுக்கிக்கொண்டு ஓடிய லாச்சி ஐப்பசியில் திறக்க மறுக்கிறது

முதலில் உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். லாச்சியின் இரு பக்கத்திலும் மேல் ஓரத்திலும் சோக்குக்கட்டியைத் தேய்த்து, ஒருமுறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். சோக்கு அழிந்த இடம்தான் பிடிக்கிறது. பெரும்பாலும் அது மேல் ஓரமாகவே இருக்கும். காரணம் எளிது: பலகை நீளவாட்டில் அநேகமாக அசையாது, அகலவாட்டில்தான் ஊதும், சுருங்கும். லாச்சியின் பக்கப் பலகைக்கு அகலம் என்பது அதன் உயரம்.

எவ்வளவு ஊதும் என்பதற்குக் கணக்கு உண்டு. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதன் 80 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் நிற்கும் ஈரம் ஏறக்குறைய 16 சதவீதம். ஏசி போட்ட அறையில் காற்றின் ஈரப்பதன் 60க்கு இறங்கினால் மரம் 11 வரை இறங்கும். பலகை முனையில் வளர்ச்சி வளையங்கள் படுக்கையாகத் தெரியும்படி அறுத்த தேக்கில், ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.2 சதவீதம் மாறும். ஓரடி அகலப் பலகை 12இலிருந்து 16க்குப் போனால் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் அகலும். லாச்சிக்கு விட்ட இடைவெளி ஒரு மில்லிமீற்றர் என்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி செய்வது: மழைக்காலத்தின் உச்சத்தில்தான் சீவ வேண்டும், ஏனெனில் மரம் அப்போதுதான் அதன் முழு அகலத்தில் இருக்கிறது. சோக்கு அழிந்த இடத்தில் மட்டும் சீவுளியை இரண்டு தடவை ஓட்டி, திரும்பப் போட்டுப் பாருங்கள். தாராளமாக ஓடும்வரை சீவிக்கொண்டே போனால் மாசி மாதத்தில் லாச்சி கிடுகிடுவென ஆடும். பிறகு வெள்ளை மெழுகுதிரியை உரசும் இடங்களில் தேய்த்துவிடுங்கள். வார்னிஷ் வெளியே மட்டும் பூசியிருந்தால் உள்ளேயும் ஒரு பூச்சுக் கொடுங்கள். ஈரம் ஏறுவதை அது நிறுத்தாது, மெதுவாக்கும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு: காய்ந்த மாதங்களில் செய்தால் எட்டு அங்குல உயர லாச்சிக்கு மேலே 2 மில்லிமீற்றராவது இடம் விடுங்கள். மழைக்காலத்தில் செய்தால் ஒன்று போதும். அடிப்பலகையை, பக்கப் பலகைகளில் வெட்டிய காடிக்குள் பசையில்லாமல் சும்மா இருக்க விடுங்கள், அல்லது அதற்குப் பிளைவூட்டைப் போடுங்கள். மேசையின் மேற்பலகைக்கும் இதே நீதிதான். அதைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக் கூடாது. சட்டத்தில் துளையை நீள்வட்டமாகத் துளைத்து ஸ்குரூ போட்டால் பலகை தன் போக்கில் அசையும். ஏசி அறைக்குக் கொண்டுபோன மேசையின் நடுவில் பிளவு விழுகிறது என்றால், அசைய வழியில்லாமல் கட்டிவைத்ததுதான் அநேகமாகக் காரணம்.

வாங்கும்போது நேராக இருந்த பலகை வீட்டுக்கு வந்து வளைந்துவிட்டது

எப்படி வளைந்தது என்று பாருங்கள், மருந்து அதைப் பொறுத்தது.

கூரை ஓடுபோல் குறுக்காகக் குழிந்திருந்தால், முனையில் தெரியும் வளையங்களைப் பாருங்கள். காயும் பலகை பட்டைப் பக்கமாகக் குழியும். வளையங்கள் நிமிர்ந்து நேராக முயல்வதுபோல் இருக்கும். குழி அந்தத் திசையில் இருந்தால் மரம் பச்சையாக விற்கப்பட்டு, உங்கள் வீட்டில் காய்ந்திருக்கிறது. குழி எதிர்த் திசையில் இருந்தால், அல்லது பலகை சீமெந்துத் தரையில் படுத்துக் கிடந்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறியோ காய்ந்தோ இருக்கிறது. இந்த இரண்டாவது நோய் இலகுவானது. பலகையைச் சுவரோடு ஒட்டாமல், இரு பக்கமும் காற்றுப்படும்படி ஓரத்தில் நிறுத்தி ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும்.

முதல் வகை திரும்பாது. அதை நீளவாட்டில் மூன்று நான்கு அங்குலப் பட்டிகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சீவி, மறுபடி பசை போட்டு ஒட்டுவதுதான் வழி. ஆழமான ஒரு குழி பல சிறு குழிகளாகப் பிரிந்துபோவதால் சீவி எறிய வேண்டிய மரமும் குறையும்.

முறுக்கிக்கொண்ட பலகை என்றால், நேரான இரண்டு சட்டத் துண்டுகளை இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல் விளிம்போடு மற்றதை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். விளிம்புகள் ஒன்றோடொன்று சமமாக ஓடாவிட்டால் முறுக்கு. ஆறடிப் பலகையில் முறுக்கை எடுக்கப் போனால் பலகை தகடாகிவிடும். ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் சிறிதளவே மிஞ்சும். லாச்சிப் பக்கத்துக்கோ சிறு பெட்டிக்கோ அது உதவும், கதவுக்கு உதவாது.

தெஹிவளையில் எங்கள் உறவினர் வீட்டில் ஒரு பலா நின்றது. (பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் அது.) அனுமதி எடுத்து, வெட்டி, அறுத்து, அடுத்த மாதமே அதில் சாப்பாட்டு மேசை செய்துவிட்டார்கள். அப்பாவின் கையால் நட்ட மரம் என்பதால் அவசரம். ஆறு மாதத்தில் மேற்பலகை நடுவில் பிளந்து, கால்கள் நான்கும் நான்கு திசையைப் பார்த்தன. அந்த மேசையைக் கழற்றி மறுபடி செய்துகொடுக்க நானும் போயிருந்தேன். அங்கே வேலைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து ஓடாவியார் ஒருவர் புதுப்பலகை ஒன்றைத் தூக்கி நுனியில் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். “கேட்டனீங்களே பிள்ளை? சத்தம் உள்ளுக்கயே நிக்குது. காய்ஞ்ச மரமெண்டால் சத்தம் வெளியால வரும்.” அன்றிலிருந்து மரக்காலையில் ஒவ்வொரு பலகையையும் தட்டித்தான் பார்க்கிறேன்.

தட்டிப் பழகச் சில காலமாகும். அதுவரை சமையலறைத் தராசு இருக்கிறது. பலகையின் முனையிலிருந்து அல்ல, ஓரடி உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டை வெட்டி எடுங்கள். உடனே நிறுங்கள். பிறகு அவன் அடுப்பில் 103 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து, எடை இனிக் குறையாது என்னும்வரை மணிக்கொரு தடவை நிறுங்கள். முதலில் 92 கிராம், கடைசியில் 80 கிராம் என்றால், போன தண்ணீர் 12 கிராம். 12ஐ 80ஆல் வகுத்தால் 15 சதவீதம். விறாந்தையில் வைக்கும் சாமானுக்கு அது நல்ல மரம். ஏசி அறைக்கு இன்னும் காய வேண்டும். 25 என்று வந்தால் தொடவே வேண்டாம். அவன் அடுப்பு இல்லாதவர்கள் ஒரு முழுப் பலகையையே வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் உங்கள் வீட்டுக் காற்றோடு சமரசத்துக்கு வந்துவிட்டது.

அடுக்கும் முறையும் முக்கியம். தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைகளுக்கிடையில் ஓரங்குலத் தடிமனான சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்து, மேலடுக்குச் சட்டமும் கீழடுக்குச் சட்டமும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி அடுக்குங்கள். சட்டம் விலகி நின்றால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து அப்படியே காயும். மேலே பாரம் வையுங்கள். வெயில் நேரே விழக் கூடாது, மழைச் சாரலும் அடிக்கக் கூடாது, காற்று மட்டும் போக வேண்டும்.

காய்ந்த பிறகும் ஒரே நாளில் இறுதி அளவுக்குச் சீவாதீர்கள். கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, ஒரு வாரம் விட்டு, புதிதாக எடுத்த வளைவைச் சீவி நேராக்கி, அதன் பின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் ஒரு முகம், அதற்கு மூலைமட்டம் பிடித்து ஒரு ஓரம், பிறகு தடிமன், கடைசியில் அகலம். ஒரு முகத்தை மட்டும் ஆழமாகச் சீவி மற்றதை அப்படியே விட்டால் பலகை மறுபடி வளையும்.

பலகை முனையில் வெடிப்பு

தண்ணீர் மரத்தின் முனை வழியாக மற்றப் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை முதலில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பைப் பசையால் அடைத்துப் பயனில்லை. அது முடியும் இடத்துக்கும் அப்பால் ஓரங்குலம் தள்ளி வெட்டி எறியுங்கள். வாங்கும்போதே ஒவ்வொரு பலகையிலும் அரை அடி கூடுதலாக வாங்குங்கள். பச்சை மரமாக வாங்கினால் அன்றே முனைகளில் பழைய பெயின்ற் எதையாவது தடிப்பாகப் பூசுங்கள்.

றாக்கைக்குக் கீழே தினமும் மாவுபோல் தூள்

இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டு கறையான் மருந்துக்கு ஓடுகிறார்கள். தூளை விரலில் எடுத்துப் பாருங்கள்.

பவுடர்போல் நைசாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலையளவு, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் துளைகள் தெரிந்தால் அது துளைவண்டு. கசகசாபோல் உருண்டு, கையில் உறுத்தும் சிறு மணிகளாக இருந்தால் உலர்மரக் கறையான். அதன் எச்சம் அது. தூளே இல்லாமல் சுவரோரம் மண்கோடு ஏறினால் நிலத்துக் கறையான். மூன்றுக்கும் மருந்து வேறு. நிலத்துக் கறையானை மரத்தில் தேடிப் பயனில்லை, அது வரும் வழியை நிலத்தில் அடைக்க வேண்டும்.

துளைவண்டு தேடுவது மரத்திலுள்ள மாச்சத்தை. மாச்சத்து இருப்பது பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியில். வைரம் பாய்ந்த நடுப்பகுதியை அது தொடுவதில்லை. அதனால்தான் ரப்பர் மரத்தில் இது இவ்வளவு கொடுமையாக வருகிறது: அதில் வைரம் என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, முழுப் பலகையும் வண்டுக்கு விருந்து. பால் வற்றிய தோட்டங்களில் வெட்டும் ரப்பர் மரம் மலிவு, வேலைக்கு இணக்கம், நிறமும் அழகு. ஆனால் அறுத்த கையோடு போரன் மருந்து ஏற்றிய பலகையாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள். மாமரம், அல்பீசியா ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன்.

வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் வண்டு இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று அறியுங்கள். தூளைத் துடைத்து, கீழே கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் விடுங்கள். புதுத் தூள் விழாவிட்டால் பழைய கதை. துளைகளை மெழுகால் அடைத்துவிடலாம். விழுந்தால், வார்னிஷை முழுதாகச் சுரண்டி வெறும் மரமாக்கி, போரக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைச் சூடாக, இரண்டு மூன்று தடவை ஊற ஊறப் பூசுங்கள். வார்னிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. இந்த மருந்து தண்ணீரில் கரைந்து போகும் என்பதால் மழைபடும் சாமானுக்குப் பயன்படாது. சிறு சாமானென்றால், பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் இரண்டு வாரம் ஆழ்உறைப் பெட்டியில் வைத்தால் உள்ளிருக்கும் புழு சாகும். நூதனசாலைகளில் செய்வதும் இதுதான். மண்ணெண்ணெய் பூசுவது நம் வீடுகளில் வழக்கம். வாசனை போனதும் காவலும் போய்விடும்.

வண்டு முட்டையிடுவது பூச்சில்லாத மரத்தின் நுண்துளைகளில். எனவே புதுச் சாமானில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம், பின்பக்கம், லாச்சியின் உட்பக்கம் எதையும் வெறுமனே விடாதீர்கள். ஊரில் மரத்தைக் குளத்திலும் சேற்றிலும் மாதக்கணக்கில் ஊறப்போட்டார்களே, அந்தப் பழக்கத்தில் அறிவு இருந்தது: மாச்சத்தின் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்.

துறைமுகத்துப் பெட்டிகளிலிருந்தும் சரக்கு அடுக்கும் அடித்தட்டுகளிலிருந்தும் வரும் பைன் பலகையைப் பலர் கேட்கிறார்கள். அதில் குத்தியிருக்கும் முத்திரையில் எச்.டி என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுவரை 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கியது, வீட்டுக்கு எடுக்கலாம். எம்.பி என்றிருந்தால் மீதைல் புரோமைட் நச்சுவாயு அடித்தது, வேண்டாம். எச்.டி சூடும் அன்றிருந்த பூச்சியைத்தான் கொன்றது, நாளை வருவதைத் தடுக்காது.

தேக்கு என்று வாங்கியது தேக்குப்போல் நடந்துகொள்ளவில்லை

மரக்காலையில் பெயர்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும், அதில் நம்மவர்கள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். கொஸ் என்றால் பலா. புருத என்றால் முதிரை. ஹல்மில்ல நம் சாவண்டலை. பலு என்றால் பாலை. பலா என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வானமும் பூமியும். கும்புக் மருது, கொஹொம்ப வேம்பு, லுனுமிதெல்ல மலைவேம்பு, கினிசப்பு சண்பகம்.

தேக்கைத் தெரிந்துகொள்ள முனையைக் கூரான உளியால் ஒரு சீவல் சீவுங்கள். பெரிய நுண்துளைகள் வளையத்தோடு வரிசையாக நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். மஹோகனியில் துளைகள் எங்கும் பரந்து கிடக்கும். தேக்கைத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு, முகர்ந்தால் பழைய தோல் வாசனை. எடையும் பேசும்: காய்ந்த தேக்கு ஒரு கன அடி 18 கிலோவை ஒட்டி இருக்கும், முதிரை 27ஐத் தொடும், அல்பீசியா 10ஐச் சுற்றி. சாயம் பூசிய அல்பீசியாவைத் தூக்கிப் பார்த்தாலே போதும். பலாவின் தூள் மஞ்சள். பிக்குமாரின் காவிக்கு அந்த மரத்திலிருந்துதான் சாயம் எடுத்தார்கள். நாளாக ஆகப் பலா கபிலமாகும், ஆகவே புதுப்பலகையின் மஞ்சளைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

இன்னொன்று. தேக்காகவே இருந்தாலும் அதன் வெள்ளைப் பகுதிக்கு வைரத்தின் வலிமை கிடையாது. இளமரத்துப் பலகையில் பாதி வெள்ளையாக இருந்தால், நீங்கள் பாதித் தேக்குக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அந்தக் காசுக்கு நல்ல பலா வாங்குவதே என் தெரிவு.

சீவச் சீவப் பிய்ந்து வருகிறது

ஒரு திசையில் பிய்ந்தால் பலகையைத் திருப்பிப் போட்டு மறுதிசையில் சீவுங்கள். இரு திசையிலும் பிய்ந்தால் நார் பின்னி ஓடுகிறது; முதிரையும் மஹோகனியும் இப்படித்தான். பலகையில் ஒரு பட்டி மினுங்கி அடுத்த பட்டி மங்கித் தெரிகிறதே, அந்த அழகுக்கும் இந்தத் தொல்லைக்கும் காரணம் ஒன்று. அலகை நன்றாகத் தீட்டி, தாள் கனத்துக்கு மட்டும் வெளியே விட்டு, மேல்தகட்டை அலகின் விளிம்புக்கு மிக நெருக்கமாக வையுங்கள். மிச்சத்தைச் சுரண்டுதகட்டால் எடுங்கள். முதிரையில் துளை போடாமல் ஆணி அடிக்கவே வேண்டாம்.

அல்பீசியா பிய்வதில்லை, பஞ்சுபோல் எழும்பும். ஒரு மெல்லிய பூச்சுப் பூசி, காயவிட்டு, எழும்பி விறைத்த நாரை 220 சாண்ட் பேப்பரால் தேய்த்தால் அடங்கும். தேக்கில் அலகு சீக்கிரம் மழுங்குவது உங்கள் குறையல்ல. அந்த மரத்துக்குள் மணலின் பொருளான சிலிக்கா இருக்கிறது.

பசை விடுகிறது, வார்னிஷ் காயவில்லை, பொலிஷ் வெளிறுகிறது

தேக்கில் பசை விட்டால் எண்ணெய்தான் காரணம். ஒட்டுமுகத்தைத் தின்னரால் துடைத்து, ஆவியானதும், அன்றே ஒட்டுங்கள்; நாளைக்கு விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும். மற்ற மரங்களில் பசை விட்டால் மூட்டு இடைவெளியோ ஈரமோ என்று பாருங்கள்.

தேக்கில் எண்ணெய் வார்னிஷ் நாட்கணக்கில் பிசுபிசுத்தாலும் குற்றவாளி அதே எண்ணெய். துடைத்து, மெழுகு நீக்கிய அரக்குப் பொலிஷை ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவிட்டு, அதன் மேல் வார்னிஷ் பூசுங்கள்.

பூசிய பத்து நிமிடத்தில் பால்போல் வெண்மை படர்ந்தால் மழைநாளில் பூசியிருக்கிறீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. சுரண்ட வேண்டாம். வெயில் கண்ட நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். நான் வைகாசியிலும் ஐப்பசியிலும் பொலிஷ் வேலையே வைத்துக்கொள்வதில்லை.

ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை

இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் மைபோல் கறுக்கும். காலி வீதியிலிருந்து கடற்பக்கமுள்ள வீடுகளில் இது இன்னும் விரைவு. ஆணியை எடுத்துவிட்டு, ஒக்சாலிக் அமிலக் கரைசலைப் பூசினால் கறை வெளுக்கும். அது நச்சு, கையுறை போட்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்து, பின்பு பல தடவை தண்ணீரால் துடைத்தெடுங்கள். அந்த இடத்தில் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூவைப் போடுங்கள்.

வேலை செய்த இரவு கை அரிக்கிறது, மூக்கு அடைக்கிறது

முதிரைத் தூளும் தேக்குத் தூளும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைத் தரும். எல்லா மரத்தூளும் நீண்ட காலத்தில் மூக்குப் புற்றுக்குக் காரணமாகலாம் என்பது உறுதியான விடயம். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, தூளுக்கென்று உள்ள முகக்கவசம் வேண்டும். இடித்த பழைய வீடுகளின் கதவு, நிலை மரத்தை வாங்குபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அந்த மரம் நன்றாகக் காய்ந்தது, நானே தேடி வாங்குவது. ஆனால் பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்தபடி சாண்ட் பேப்பரால் தேய்க்காதீர்கள். ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டியதை முழுவதும் அள்ளிக் கட்டிவிட்டு, அதன் பிறகு காந்தத்தை மேலே ஓட்டி மறைந்திருக்கும் ஆணிகளை எடுத்துவிட்டுச் சீவுளியைக் கையில் எடுங்கள்.